மதுரையிலிருந்து துபாயும் சிங்கப்பூரும்: வான்வழித் தொலைவும் பயண நேரமும்

மதுரை விமான நிலையத்திலிருந்து துபாய்க்கு உள்ள வான்வழித் தொலைவு சுமார் 2,950 கிலோமீட்டர். அங்கிருந்து சிங்கப்பூருக்கு உள்ள தொலைவு சுமார் 3,010 கிலோமீட்டர். ஒன்று வடமேற்கே இருக்கிறது, மற்றொன்று தென்கிழக்கே இருக்கிறது. தொலைவோ ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டுக்கும் நேரடி விமானத்தில் நான்கு மணி நேரம் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். ஆனால் பயணச்சீட்டில் அச்சாகும் புறப்பாட்டு நேரத்தையும் வருகை நேரத்தையும் கழித்துப் பார்த்தால், துபாய்ப் பயணம் மூன்று மணி நேரத்துக்கும் குறைவாகவும் சிங்கப்பூர்ப் பயணம் ஏழு மணி நேரத்தை நெருங்குவதாகவும் தோன்றும். வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் இரண்டுமே பதினொரு மணி நேரத்தைத் தாண்டும்.

இந்த மூன்று கணக்குகளும் சரியானவையே. அவை அளப்பவை வேறு வேறு. தேனி மாவட்டம், பெரியகுளம் வட்டத்தில் உள்ள கெங்குவார்பட்டிப் பேரூராட்சியைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு, தொலைவும் நேரமும் எவ்வாறு கணக்கிடப்படுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தொலைவின் மூன்று வகைகள்

இரு இடங்களுக்கு இடையிலான தொலைவை மூன்று வகையாகச் சொல்லலாம்.

முதலாவது சாலைத் தொலைவு. கெங்குவார்பட்டி, வத்தலக்குண்டு – பெரியகுளம் சாலையில், கொடைக்கானல் மலைச்சாலை பிரியும் இடத்துக்கு அருகில் உள்ளது. இங்கிருந்து வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, வாடிப்பட்டி வழியாக மதுரை நகரைச் சுற்றிக்கொண்டு விமான நிலையத்தை அடையச் சுமார் 80 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும்.

இரண்டாவது நேர்த்தொலைவு. அதே இரு புள்ளிகளுக்கு இடையே பூமியின் பரப்பில் வளைவு நெளிவு இல்லாமல் அளந்தால் கிடைப்பது சுமார் 57 கிலோமீட்டர் மட்டுமே.

மூன்றாவது, விமானம் உண்மையில் பறந்து கடக்கும் தொலைவு. இது நேர்த்தொலைவைவிட எப்போதும் சற்றுக் கூடுதலாக இருக்கும். காற்று, வான்வெளி விதிகள், மற்ற விமானங்களின் போக்குவரத்து ஆகியவற்றைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும்.

இணையத்தில் இரு நகரங்களின் பெயரைக் கொடுத்தால் காட்டப்படும் ‘விமானத் தொலைவு’ பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அது எந்த விமானமும் துல்லியமாகக் கடக்காத தொலைவு. ஆயினும் மற்ற எல்லாக் கணக்குகளுக்கும் அதுவே அடிப்படை.

நேர்த்தொலைவைக் கணக்கிடும் முறை

பூமி உருண்டை வடிவானது. ஆகவே இரு நகரங்களுக்கு இடையிலான மிகக் குறைந்த தொலைவு, தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்து இழுக்கும் கோடு அன்று. பூமியின் மையத்தின் வழியாகச் செல்லும் ஒரு தளம் பூமியின் பரப்பை வெட்டும் வட்டத்தின் பகுதியே அது. இவ்வட்டம் ‘பெருவட்டம்’ எனப்படும். நிலநடுக்கோடும் எல்லாத் தீர்க்கக்கோடுகளும் பெருவட்டத்தில் அமைந்தவை.

கணக்கிடும் முறை எளிது. முதலில் இரு இடங்களின் அகலாங்கும் நெட்டாங்கும் தேவை.

• மதுரை விமான நிலையம்: வடக்கு 9.83 பாகை, கிழக்கு 78.09 பாகை
• துபாய் விமான நிலையம்: வடக்கு 25.25 பாகை, கிழக்கு 55.36 பாகை
• சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம்: வடக்கு 1.36 பாகை, கிழக்கு 103.99 பாகை

அடுத்து, பூமியின் மையத்தில் இருந்து பார்த்தால் இரு இடங்களுக்கும் இடையே எவ்வளவு கோணம் உள்ளது என்று காண வேண்டும். இரு அகலாங்குகளின் சைன் மதிப்புகளைப் பெருக்கி ஓர் எண்ணும், இரு அகலாங்குகளின் கோசைன் மதிப்புகளையும் நெட்டாங்கு வேறுபாட்டின் கோசைன் மதிப்பையும் பெருக்கி மற்றோர் எண்ணும் பெற வேண்டும். இரண்டையும் கூட்டினால் மையக் கோணத்தின் கோசைன் கிடைக்கும். மதுரை – துபாய்க்கு இக்கோணம் சுமார் 26.5 பாகை. மதுரை – சிங்கப்பூருக்குச் சுமார் 27.1 பாகை.

பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,030 கிலோமீட்டர். அதை 360 ஆல் வகுத்தால் ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் வரும். மையக் கோணத்தை இந்த எண்ணால் பெருக்கினால் தொலைவு கிடைத்துவிடும். விமானத் துறையில் இதே தொலைவு கடல் மைலில் சொல்லப்படும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். அதன்படி துபாய் சுமார் 1,590 கடல் மைல், சிங்கப்பூர் சுமார் 1,625 கடல் மைல்.

தட்டையான வரைபடத்தை நம்பினால் என்ன தவறு நேரும் என்பதையும் இங்கே காணலாம். மதுரைக்கும் துபாய்க்கும் உள்ள பாகை வேறுபாடுகளைச் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டு பித்தாகரசு தேற்றப்படி கணக்கிட்டால் சுமார் 3,050 கிலோமீட்டர் வரும். தவறு 100 கிலோமீட்டர் அளவில்தான். ஆனால் சென்னை – லண்டன் தொலைவை அதே முறையில் கணக்கிட்டால் 9,900 கிலோமீட்டருக்கு மேல் வரும். உண்மையான பெருவட்டத் தொலைவு சுமார் 8,230 கிலோமீட்டர். வடக்கே செல்லச் செல்லத் தீர்க்கக்கோடுகள் நெருங்கி வருவதே இதற்குக் காரணம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பவர்களுக்கு இந்தத் தவறு எளிதில் கண்ணில் படாது.

இரு கோடுகளும் செல்லும் வழி

மதுரை விமான நிலையத்திலிருந்து துபாய்க்கான பெருவட்டக் கோடு வடமேற்கு நோக்கிப் புறப்படுகிறது. மதுரை மாவட்டத்தைக் கடந்து, ஏறத்தாழ 57 கிலோமீட்டர் தொலைவில், அது கெங்குவார்பட்டிப் பகுதியின் மேலேயே செல்கிறது. பிறகு பழனி மலைத்தொடரையும் பாலக்காட்டுப் பகுதியையும் தாண்டித் தலச்சேரிக்கு அருகில் கடலைத் தொடுகிறது. அரபிக்கடலைக் கடந்தபின் மஸ்கட்டுக்குத் தென்கிழக்கே ஓமான் கரையில் ஏறித் துபாயை அடைகிறது.

ஆகவே துபாய்க்குச் செல்லும் கெங்குவார்பட்டிக்காரர் முதல் இரண்டு மணி நேரம் துபாய்க்கு நேர் எதிர்த்திசையில் பயணம் செய்கிறார். விமானம் கணக்குக் கோட்டிலேயே பறந்தால், அவர் சாலையில் இரண்டு மணி நேரம் கடந்த தொலைவை அது ஏறத்தாழ ஆறேழு நிமிடத்தில் திரும்பக் கடந்து, அவருடைய ஊருக்கு மேலேயே போகும். தொலைவுக்கும் நேரத்துக்கும் உள்ள உறவு நேரானது அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

சிங்கப்பூருக்கான கோடு கிழக்கு – தென்கிழக்காகச் செல்கிறது. இராமநாதபுரம் மாவட்டம், பாக் நீரிணை, இலங்கையின் வட மாகாணம், வங்காள விரிகுடா, சுமத்ராத் தீவின் வடபகுதி, மலாக்கா நீரிணை ஆகியவற்றின் மேலாகச் சென்று சிங்கப்பூரை அடைகிறது.

துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான நேர்த்தொலைவு சுமார் 5,850 கிலோமீட்டர். மதுரை வழியாகச் சென்றால் 5,960 கிலோமீட்டர். வேறுபாடு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் மட்டுமே. அந்த நேர்க்கோட்டின் நடுப்புள்ளி நெல்லூருக்குக் கிழக்கே வங்காள விரிகுடாவின் மேல் அமைகிறது. வளைகுடாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் இடையே பறக்கும் விமானங்கள் தென்னிந்தியாவின் மேல் அடிக்கடி செல்வதற்கு இந்த அமைவே காரணம்.

விமானம் கோட்டிலேயே பறப்பதில்லை

விமானம் ஓடுபாதை அமைந்துள்ள திசையில்தான் ஏறவும் இறங்கவும் முடியும். எதிர்க்காற்றில் ஏறுவதும் இறங்குவதும் பாதுகாப்பானவை. எனவே அன்றைய காற்றைப் பொறுத்து ஓடுபாதையின் எந்த முனை பயன்படும் என்பது முடிவாகும். ஏறிய பிறகு வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையம் குறிக்கும் புள்ளிகளின் வழியாகவே விமானம் செல்ல வேண்டும். இறங்கும் இடத்தில் நெரிசல் இருந்தால் வானிலேயே வட்டமிட்டுக் காத்திருக்க நேரும்.

சில நேரங்களில் ஒரு நாடு தன் வான்வெளியையே மூடிவிடுவது உண்டு. 2010 இல் ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்தபோது ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பல நாள்கள் விமானங்கள் நின்றன. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, தில்லியிலிருந்து மேற்கே செல்லும் இந்திய விமானங்கள் சுற்றிச் செல்ல நேர்ந்தது. மதுரை – துபாய்க் கோடு அரபிக்கடலின் மேல் செல்வதால் பாகிஸ்தான் வான்வெளியைத் தொடுவதில்லை.

பறக்கும் நேரம்

மதுரை போன்ற விமான நிலையங்களிலிருந்து வெளிநாடு செல்லும் போயிங் 737, ஏர்பஸ் ஏ320 வகை விமானங்கள் உயரத்தில் மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. 2,950 கிலோமீட்டரை இந்த வேகத்தால் வகுத்தால் 3 மணி 33 நிமிடம் வரும். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், தரையிறங்கிய பின் மீண்டும் நிறுத்துமிடத்துக்கு வரவும் நேரம் பிடிக்கும். இவற்றுக்கு அரை மணி முதல் முக்கால் மணி வரை சேர்க்க வேண்டும்.

பயணச்சீட்டில் காணப்படும் நேரம், விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனை நிறுத்துமிடத்தில் நிற்பது வரையிலான நேரம். சிறு தாமதங்கள் அதற்குள் அடங்கும்படி விமான நிறுவனங்கள் சில நிமிடங்களைக் கூட்டியே வைக்கின்றன. தாமதமாகப் புறப்பட்ட விமானம் சில நாள்களில் குறித்த நேரத்துக்கே வந்து சேர்வது இதனால்தான்.

குறுகிய பயணத்தில் இந்தக் கூடுதல் நேரத்தின் பங்கு பெரிது. மதுரை – சென்னை வான்வழித் தொலைவு சுமார் 420 கிலோமீட்டர். வேகத்தைக் கொண்டு மட்டும் கணக்கிட்டால் அரை மணி நேரம்தான் ஆக வேண்டும். ஆனால் பயணத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

காற்றின் பங்கு

விமானத்தின் வேகம் காற்றை ஒட்டிய வேகம். காற்றே நகர்ந்துகொண்டிருந்தால் தரையை ஒட்டிய வேகம் மாறும். ஆற்றில் படகு நீரோட்டத்தோடு செல்வதற்கும் எதிர்த்துச் செல்வதற்கும் உள்ள வேறுபாடு போன்றதே இது.

எடுத்துக்காட்டாக, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று பின்னாலிருந்து வீசினால் 830 கிலோமீட்டர் வேகம் 890 ஆகும். 2,950 கிலோமீட்டரைக் கடக்க 3 மணி 19 நிமிடம் போதும். அதே காற்று முன்னாலிருந்து வீசினால் வேகம் 770 ஆகக் குறைந்து 3 மணி 50 நிமிடம் ஆகும். தொலைவு மாறாமலே அரை மணி நேரம் வேறுபடுகிறது.

தென்னிந்தியாவின் மேல் இந்தக் காற்று பருவத்துக்குப் பருவம் திசை மாறும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தரையில் மேற்கிலிருந்து காற்று வீசும்போது, மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வலிய காற்றோட்டம் ஓடும். ‘வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று’ எனப்படும் இதனை 1950களில் ஆராய்ந்து விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். இதன் மையம் பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே இருந்தாலும், கீழே 10, 12 கிலோமீட்டர் உயரத்திலும் கிழக்குக் காற்று உணரப்படும். அக்காலத்தில் துபாய்க்குப் போகும் விமானத்துக்கு அது துணைக்காற்று, திரும்பும் விமானத்துக்கு எதிர்க்காற்று. குளிர்காலத்தில் இந்தியாவின் வடபகுதியிலும் வளைகுடாப் பகுதியிலும் மேற்கிலிருந்து வலிய காற்று வீசுவதால் இந்நிலை தலைகீழாக மாறக்கூடும்.

கடிகார நேரம்

இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. துபாய் நேரம் நான்கு மணியும், சிங்கப்பூர் நேரம் எட்டு மணியும் முந்தியவை. எனவே துபாய்க் கடிகாரம் இந்தியக் கடிகாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். சிங்கப்பூர்க் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கும்.

பறக்கும் நேரத்தை 4 மணி 15 நிமிடம் என்று கொண்டு, ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊர் நேரப்படி நண்பகல் 12 மணிக்குப் புறப்படுவதாகக் கணக்கிட்டால் கிடைப்பவை:

• மதுரையிலிருந்து துபாய்: துபாய் நேரம் பிற்பகல் 2:45. பார்வைக்கு 2 மணி 45 நிமிடம்.
• துபாயிலிருந்து மதுரை: இந்திய நேரம் மாலை 5:45. பார்வைக்கு 5 மணி 45 நிமிடம்.
• மதுரையிலிருந்து சிங்கப்பூர்: சிங்கப்பூர் நேரம் மாலை 6:45. பார்வைக்கு 6 மணி 45 நிமிடம்.
• சிங்கப்பூரிலிருந்து மதுரை: இந்திய நேரம் பிற்பகல் 1:45. பார்வைக்கு 1 மணி 45 நிமிடம்.

நான்கிலும் பயணி இருக்கையில் அமர்ந்திருந்த நேரம் ஒன்றே. பயணச்சீட்டில் புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரத்தில் அச்சிடப்படுவதால் இந்த மயக்கம் உண்டாகிறது. உண்மையான பயண நேரத்தை அறிய, இரண்டு நேரங்களையும் இந்திய நேரத்துக்கு மாற்றிய பிறகே கழிக்க வேண்டும். நள்ளிரவைத் தாண்டும் விமானங்களில் தேதியையும் கவனிக்க வேண்டும். இரவு 12:30 மணி விமானத்துக்கு முதல் நாள் இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். அன்று இரவு என்று நினைத்து ஒரு நாள் தாமதமாகப் போய் நின்று பயணச்சீட்டை இழப்பதற்கு இந்தக் குழப்பமே காரணமாகிறது.

நேர மண்டலம் நெட்டாங்கைப் பொறுத்தது என்றாலும், இறுதி முடிவு அரசுகளுடையது. சிங்கப்பூர் தன் நெட்டாங்கின்படி ஏழு மணி மண்டலத்தில் இருக்க வேண்டியது. ஆனால் 1982 தொடக்கம் முதல் எட்டு மணி நேரத்தைப் பின்பற்றுகிறது.

வீட்டிலிருந்து இருப்பிடம் வரை

கெங்குவார்பட்டியில் உள்ள ஒரு வீட்டிலிருந்து துபாயில் உள்ள ஒரு தங்குமிடத்துக்குச் செல்ல ஆகும் நேரத்தை இவ்வாறு பிரிக்கலாம்:

• வீட்டிலிருந்து மதுரை விமான நிலையம்: 2 மணி நேரம்
• பெட்டி ஒப்படைத்தல், குடியேற்றச் சோதனை, பாதுகாப்புச் சோதனை, காத்திருப்பு: 3 மணி நேரம்
• விமானப் பயணம்: 4 மணி 15 நிமிடம்
• துபாயில் குடியேற்றச் சோதனை, பெட்டி எடுத்தல்: 1 மணி நேரம்
• தங்குமிடம் சேர்தல்: 1 மணி நேரம்

மொத்தம் 11 மணி 15 நிமிடம். இதில் விமானத்தில் இருக்கும் நேரம் ஐந்தில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. முழுப் பயணத்தின் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 270 கிலோமீட்டர். விமானத்தின் வேகத்தில் இது மூன்றில் ஒரு பங்குதான்.

பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்வது வழக்கம். முதன்முறை செல்வோருக்கு ஆவணச் சரிபார்ப்பில் கூடுதல் நேரம் ஆகலாம் என்பதால் இந்த நேரத்தைக் குறைத்துக்கொள்வது நல்லதன்று.

எந்த விமான நிலையம்?

தேனி மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் இல்லை. மாவட்டத்து மக்கள் மதுரை, திருச்சிராப்பள்ளி, கொச்சி ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்கின்றனர். தொலைவான நாடுகளுக்குச் சென்னை வழியாகவும் செல்கின்றனர்.

மதுரை மிக அருகில் உள்ளது. 2012 இல் கொழும்புக்குத் தொடங்கியதே அங்கிருந்து இயங்கிய முதல் வெளிநாட்டு விமானச் சேவை. பின்னர் துபாய், சிங்கப்பூர் சேவைகள் வந்தன. எனினும் ஐக்கிய அரபு அமீரகம், சிங்கப்பூர் ஆகிய நாடுகளோடு இந்தியா செய்துள்ள இருநாட்டு விமான ஒப்பந்தங்களில் அந்நாட்டு நிறுவனங்கள் இறங்க அனுமதி பெற்ற ஊர்களின் பட்டியலில் மதுரை நீண்டகாலமாக இடம்பெறவில்லை. அதனால் அந்நாட்டு நிறுவனங்களின் விமானங்கள் மதுரைக்கு வர முடிவதில்லை. இந்திய நிறுவனங்கள் இயக்கும் ஒரு சில சேவைகளையே நம்ப வேண்டியிருக்கிறது. தென்மாவட்ட வணிக அமைப்புகள் தொடர்ந்து எழுப்பிவரும் கோரிக்கைகளில் இதுவும் ஒன்று.

திருச்சிராப்பள்ளி சாலை வழியே ஏறத்தாழ 150 கிலோமீட்டர். திண்டுக்கல்லிலிருந்து நான்கு வழிச்சாலை இருப்பதால் மூன்று மணி நேரத்தில் சேரலாம். சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் அங்கிருந்து சேவைகள் அதிகம்.

கொச்சி விமான நிலையம் நெடும்பாசேரியில் உள்ளது. அது கெங்குவார்பட்டிக்கு ஏறக்குறைய நேர் மேற்கே, அதே அகலாங்கில் அமைந்திருக்கிறது. நேர்த்தொலைவு சுமார் 140 கிலோமீட்டர். ஆனால் இடையில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. தேனி, போடி, மூணாறு வழியாகச் சென்றால் 200 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். மலைச்சாலை என்பதால் ஆறு மணி நேரம் வரை பிடிக்கும். கம்பம், கூடலூர்ப் பக்கத்தவர்கள் குமுளி வழியாகவும் செல்வதுண்டு.

மாற்று விமானத்தில் செல்லும்போது தொலைவும் கூடும். மதுரையிலிருந்து கொழும்பு வழியாகத் துபாய் சென்றால் மொத்தத் தொலைவு சுமார் 3,640 கிலோமீட்டர். நேர்வழியைவிட இது ஏறத்தாழ 700 கிலோமீட்டர் கூடுதல். பறக்கும் நேரத்தில் இதனால் கூடுவது ஒரு மணி நேர அளவுதான். கொழும்பில் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பதே நேரத்தை இழுக்கும்.

அவசரப் பயணத்தில் நேரக் கணக்கு

பயண நேரம் மிகவும் முக்கியமாவது அவசரக் காலங்களில். ஊரில் தந்தையோ தாயோ இறந்துவிட்டால், வெளிநாட்டில் இருக்கும் மகன் வந்து முகம் பார்க்க முடியுமா, எத்தனை மணிக்கு வருவார் என்பதைப் பொறுத்தே இறுதிச் சடங்கின் நேரம் குறிக்கப்படும். ஐஸ் பெட்டி எத்தனை மணி நேரத்துக்கு வேண்டும், உறவினர்களுக்கு எந்த நேரம் சொல்வது என்பவையும் அதைப் பொறுத்தவையே. ‘நான்கு மணி நேரப் பயணம்தானே’ என்று கணக்கிட்டுக் காத்திருப்பவர்கள் ஏமாற நேரிடுகிறது.

துபாயில் இருப்பவருக்குக் காலை 6 மணிக்குச் செய்தி கிடைக்கிறது எனக் கொள்வோம். அப்போது கெங்குவார்பட்டியில் காலை 7:30. கீழே வரும் மூன்று நிலைகளும் கணக்குக்காகக் கொள்ளப்பட்டவை.

முதல் நிலை: காலை 11 மணிக்கு மதுரைக்கு நேரடி விமானம் இருக்கிறது, இடமும் கிடைக்கிறது. நான்கு மணி நேரம் பறந்து இந்திய நேரம் மாலை 4:30 மணிக்கு மதுரையில் இறங்குவார். சோதனைகள் முடிந்து 5:30 மணிக்கு வெளியே வந்து, இரவு 7:30 மணிக்கு வீடு சேர்வார். செய்தி கிடைத்ததிலிருந்து 12 மணி நேரம்.

இரண்டாம் நிலை: அன்றைய விமானத்தில் இடம் இல்லை. மறுநாள் அதே விமானத்தில்தான் வர முடியும். வீடு சேர்வது மறுநாள் இரவு 7:30. மொத்தம் 36 மணி நேரம்.

மூன்றாம் நிலை: அன்று இரவு 9:30 மணிக்குக் கொச்சிக்கு விமானம் கிடைக்கிறது. இந்திய நேரம் பின்னிரவு 3 மணி அளவில் இறங்கி, 4 மணிக்கு வெளியே வந்து, மலைச்சாலையில் ஆறு மணி நேரம் பயணம் செய்து காலை 10 மணிக்கு வீடு சேர்வார். மொத்தம் 26 மணி 30 நிமிடம்.

மூன்று நிலைகளிலும் வான்வழித் தொலைவு ஏறத்தாழ ஒன்றே. துபாய் – கொச்சி சுமார் 2,780 கிலோமீட்டர். துபாய் – மதுரையைவிட 170 கிலோமீட்டர்தான் குறைவு. ஆனால் வீடு சேரும் நேரம் 12 மணி முதல் 36 மணி வரை மாறுகிறது. மாற்றத்துக்குக் காரணம் தொலைவு அன்று. அடுத்த விமானம் எப்போது, அதில் இடம் உண்டா என்பதே காரணம். நாளுக்குப் பல விமானங்கள் உள்ள தொலைவான விமான நிலையம், நாளுக்கு ஒரே விமானம் உள்ள அருகிலுள்ள விமான நிலையத்தைவிடச் சில வேளைகளில் ‘அருகில்’ ஆகிவிடுகிறது.

இக்காரணத்தால் அவசர நேரத்தில் மதுரைக்கு மட்டும் பயணச்சீட்டைத் தேடாமல் திருச்சிராப்பள்ளி, கொச்சி, சென்னை, கோயம்புத்தூர், திருவனந்தபுரம் ஆகியவற்றுக்கும் சேர்த்துத் தேடுவது பயன் தரும். ஒவ்வொன்றிலும் இறங்கும் நேரத்தோடு சாலை நேரத்தையும் கூட்டிய பிறகே ஒப்பிட வேண்டும். விடுப்பு அனுமதி, கடவுச்சீட்டைக் கையில் பெறுதல் ஆகியவற்றுக்கு ஆகும் நேரத்தையும் மறந்துவிடக் கூடாது. ஊரில் இருப்பவர்கள் ‘எத்தனை மணி நேரப் பயணம்’ என்று கேட்பதைவிட, ‘இந்திய நேரம் எத்தனை மணிக்கு, எந்த ஊரில் இறங்குகிறீர்கள்’ என்று கேட்பதே சரியான விடையைத் தரும்.

பிற பயணங்களோடு ஒப்பீடு

விமானப் பயணம் பரவலாவதற்கு முன் தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்குக் கப்பலில் சென்றனர். சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து பினாங்கு வழியாகச் சென்ற ‘ரஜூலா’, ‘சிதம்பரம்’ கப்பல்கள் பெயர் பெற்றவை. பயணத்துக்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். 1985 இல் ‘சிதம்பரம்’ கப்பலில் நேர்ந்த தீ விபத்தோடு அந்தக் கப்பல் சேவை முடிவுக்கு வந்தது. அக்காலத்தில் ஊரில் நேர்ந்த இறப்புக்கு வெளிநாட்டிலிருந்து வந்து சேர்வது நடவாத காரியம். தந்தி மட்டுமே வரும்.

இன்னும் தொலைவான நகரங்களுக்குக் கணக்கு வேறு. சென்னை – லண்டன் நேரடி விமானம் 8,230 கிலோமீட்டர் தொலைவைப் பத்து முதல் பதினொரு மணி நேரத்தில் கடக்கிறது. லண்டன் கடிகாரம் குளிர்காலத்தில் இந்தியாவுக்கு ஐந்தரை மணி நேரமும், கோடைக்காலத்தில் நான்கரை மணி நேரமும் பின்னால் இருக்கும். கெங்குவார்பட்டிக்காரர் லண்டன் செல்ல மதுரையிலிருந்து விமானத்திலோ, கொடைக்கானல் ரோடு நிலையத்திலிருந்து இரவு இரயிலிலோ முதலில் சென்னை சேர வேண்டும். உலகின் மிக நீண்ட நேரடி விமானச் சேவைகளில் ஒன்றான சிங்கப்பூர் – நியூயார்க் பயணம் சுமார் 15,300 கிலோமீட்டர். அதற்குப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

பயணம் நீளும்போது விமானத்தில் கழியும் நேரத்தின் பங்கு கூடுகிறது. நியூயார்க் பயணத்தில் விமான நேரமே பெரும்பங்கு. துபாய், சிங்கப்பூர்ப் பயணங்களில் அது பாதிக்கும் குறைவு. ஆகவே 3,000 கிலோமீட்டர் அளவிலான பயணங்களில் நேரத்தைக் குறைக்க வேண்டுமானால் விமானத்தின் வேகத்தைக் கூட்டுவதால் பெரிய பயன் இராது. அருகிலுள்ள விமான நிலையத்திலிருந்து சேவைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதும், அங்கு செல்லும் சாலையைச் சீராக்குவதுமே பயன் தரும். கெங்குவார்பட்டியின் மேலாகத் துபாய்க்குச் செல்லும் கணக்குக் கோடு மாறப்போவதில்லை. அந்தக் கோட்டின் இரு முனைகளிலும் செலவாகும் நேரத்தை மட்டுமே மனிதரால் மாற்ற முடியும்.